கோட்டையில தூங்க கோடீஸ்வரன் ஆக வேணாம்: ஸ்பெயின் டைரி

திங்கள், மேட்ரிட்

ஸ்பெயின்ல பாரடோர்னு ஒரு ஹோட்டல் செயின் இருக்கு, முழுக்க முழுக்க அரசாங்கத்தோடது. பழைய கோட்டை, மடம், அரண்மனை இதெல்லாம் இடிஞ்சு விழாம பாத்துக்கணும், அதுக்குக் காசும் வேணும், அதனால ரிப்பேர் பண்ணி உள்ள ரூம் போட்டு வாடகைக்கு விடுறாங்க. நாடு பூரா நூறுக்குக் கிட்ட இருக்கு. 1928ல கிரெடோஸ் மலையில முதல் பாரடோர் தொறந்தாங்க, அல்ஃபோன்ஸோ 13 ராஜாவா இருந்த காலம், யோசனைக்குப் பின்னாடி இருந்தவர் வேகா இன்கிளான்னு ஒரு பிரபு. ஐம்பது வருஷம் கழிச்சு, 1978ல, புது அரசியல் சாசனத்தை எழுதினவங்க டிராஃப்டை வச்சுகிட்டு உக்காந்து பேசினதும் அதே கிரெடோஸ் பாரடோர்லதான். இந்த மாதிரி இடத்துல போய் தங்கறதுன்னா ரொம்ப செலவாகும்னு நெனச்சு நம்ம ஆளுங்க பலபேர் வாசல்ல நின்னு போட்டோ எடுத்துட்டு வந்துடறாங்க, அது எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா சரியான நாள் பாத்து சரியான ஊர்ல புக் பண்ணா மேட்ரிட்ல ஒரு சாதாரண ஹோட்டல் விலைக்கே கோட்டைக்குள்ள படுத்துத் தூங்கலாம்.

இந்த தடவை அம்மாவோட வந்திருக்கேன். அம்மாவுக்கு 63 வயசு, முழு சைவம், படி ஏறுறதுல என்னைவிட வேகம். நவம்பர் மாசத்தை வேணும்னேதான் எடுத்தேன், டூரிஸ்ட் கூட்டம் வடிஞ்சிருக்கும், விலையும் இறங்கியிருக்கும். டிசம்பர் முதல் வாரத்துல மட்டும் மாட்டிக்காதீங்க, 6ம் தேதியும் 8ம் தேதியும் அவங்களுக்கு லீவு, நடுவுல ஒரு நாளையும் சேத்துப் போட்டுட்டு நாடே கிளம்பிடும், பாரடோர் எல்லாம் ஃபுல் ஆயிடும்.

திட்டம் என்னன்னா, சின்ன ஊர்ல ரூம் விலை கம்மி, அங்கல்லாம் காசு குடுத்துடறது, ஹோட்டல் மெம்பர்ஷிப்ல சேத்து வச்ச பாயிண்ட்டை தொடறதே இல்ல. விலை ஏறுற ஊர்லயும் விலை ஏறுற நாள்லயும் மட்டும் பாயிண்ட்டை எடுக்கறது. இது கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா நெறைய பேர் தலைகீழா பண்றாங்க, பாயிண்ட் கையில இருக்குங்கற சந்தோஷத்துல முதல் நாளே கிடைச்ச ரூம்ல அதைக் கரைச்சுட்டு, கிரனாடா மாதிரி ஊருக்கு வந்ததும் பர்ஸைத் தொறக்கறாங்க.

பாரடோரோட மெம்பர்ஷிப் பேரு அமிகோஸ். சேர ஒரு பைசா வேணாம், அவங்க சைட்லயே பேரு மெயில் எல்லாம் குடுத்தா நம்பர் வந்துடும். செலவு பண்ற காசுக்கு பாயிண்ட் ஏறும், சேந்ததும் தங்கறதுக்கு மாத்திக்கலாம், செக்-இன் பண்ணும்போது ஒரு வெல்கம் டிரிங்க் உண்டு, மெம்பருக்குன்னு தனி விலையும் அப்பப்போ வரும். புக் பண்றதுக்கு முன்னாடியே சேந்துடுங்க, லாக்-இன் பண்ணிட்டு அவங்க சைட்லயே புக் பண்ணுங்க. என்கிட்ட போன தடவை லியோன், சாண்டியாகோன்னு வடக்குப் பக்கம் சுத்தினப்போ சேந்த பாயிண்ட் இருக்கு. சாண்டியாகோ பாரடோர் 1499ல யாத்ரீகர்களுக்காக கட்டச் சொல்லி உத்தரவு போட்ட ஆஸ்பத்திரி, அதைப் பத்தி இன்னொரு நாள் தனியா எழுதணும்.

மேட்ரிட்ல இன்னிக்கு ராத்திரி அத்தோச்சா ஸ்டேஷன் பக்கம் சாதாரண ரூம்தான், தூங்கி எந்திரிக்க மட்டும். சாயங்காலம் பிராடோ மியூசியம் போனோம், திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் 6 மணிலேர்ந்து 8 வரைக்கும் டிக்கெட் கிடையாது, ஞாயித்துக்கிழமை 5லேர்ந்து 7. ஐந்தரைக்கே போய் வரிசையில நின்னுட்டோம்.

செவ்வாய், சிகுவென்சா

ஏர்போர்ட்ல கார் எடுத்துட்டு வடகிழக்கா ஒரு 130 கிலோமீட்டர். நம்ம லைசென்ஸோட இன்டர்நேஷனல் பெர்மிட்டும் கையில இருக்கணும், வண்டி ஓட்டறது வலது பக்கம், முதல் அரை மணி நேரம் கவனமா இருந்தா பழகிடும். கார் வேணாம்னா சிகுவென்சாவுக்கு மேட்ரிட்லேர்ந்து ட்ரெயினும் இருக்கு.

ஊரு தூரத்துலேர்ந்தே தெரியுது, மேட்டு மேல சதுர சதுரமா கோபுரம் வச்ச கோட்டை, அதுக்குக் கீழ வீடெல்லாம் சரிவுல இறங்கி வருது. முஸ்லிம் ஆட்சிக்காலத்துக் கோட்டை, 12ம் நூற்றாண்டுல ஒரு பிஷப் சண்டை போட்டுப் பிடிச்சாரு, அதுக்கப்புறம் பல நூறு வருஷம் பிஷப்புங்க குடியிருந்த வீடு. உள்நாட்டுப் போர்ல குண்டு வாங்கி பாதி இடிபாடா கிடந்ததை பழைய ஆவணங்களை வச்சு திரும்பக் கட்டி 1970கள்ல பாரடோர் ஆக்கினாங்க. அதனால உள்ள இருக்கற எல்லாக் கல்லும் மத்தியகாலக் கல்லுன்னு நெனச்சுக்கக் கூடாது, ஆனா முற்றத்துல நின்னு அந்தச் சுவரை அண்ணாந்து பாக்கறப்போ அது ஒரு குறையாவே தெரியல. இடிஞ்சதை அப்படியே விட்டுட்டு பக்கத்துல ஒரு போர்டு நட்டுட்டுப் போகாம இவ்வளவு மெனக்கெட்டிருக்காங்களேன்னு மரியாதைதான் வருது.

ரிசப்ஷன்ல அமிகோஸ் நம்பரை குடுத்தேன், வெல்கம் டிரிங்க் கூப்பன் குடுத்தாங்க, அம்மாவுக்கு ஆரஞ்சு ஜூஸ். ரூமை அம்மா பேர்ல போட்டிருந்தேன், ஏன்னா 55 வயசு தாண்டினவங்களுக்கு டியாஸ் டொராடோஸ்னு ஒரு தனி ஆஃபர் இருக்கு. இளவட்டங்களுக்கும் தனியா ஒண்ணு இருக்கு, எஸ்கபாடா ஹோவென்னு பேரு. இந்த ஆஃபர் எல்லா நாளும் எல்லா ஊர்லயும் வராது, அதனால நான் பண்றது என்னன்னா மெம்பர் விலை, வயசு ஆஃபர் விலை, கேன்சல் பண்ண முடியாத விலை மூணையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பாக்கறது. இன்னிக்கு செவ்வாய்க்கிழமை, வயசு ஆஃபர்தான் ஜெயிச்சுது, ரெண்டு பேருக்கும் சேத்து ரூம் நூறு யூரோவைத் தாண்டல. பாஸ்போர்ட் வாங்கி அம்மாவோட பிறந்த வருஷத்தைப் பாத்துட்டு அந்தப் பொண்ணு சிரிச்சுகிட்டே சாவி குடுத்தா, அம்மாவுக்கு ஒரே பெருமை. "வயசானதுக்கு தள்ளுபடி குடுக்கறாங்களே, இது நல்லா இருக்கேடி" அப்படின்னாங்க.

காலை டிஃபனை ரூமோட சேத்து எடுக்கல. பாரடோர் பஃபே நல்லாத்தான் இருக்கும், ஆனா ஆளுக்கு இருபது யூரோவை ஒட்டி வருது, கீழ ஊருக்குள்ள இறங்கினா தக்காளி தேச்ச டோஸ்ட்டும் காபியும் அதுல கால்வாசி கூட ஆகாது. ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு எச்சரிக்கை. கறி வேணாம்னு மட்டும் சொன்னீங்கன்னா சாலட்ல டூனா மீனை போட்டுக் கொண்டு வந்துடுவாங்க, பூண்டு சூப்லயும் பன்னித்துண்டு கிடக்கும். கறியும் வேணாம் மீனும் வேணாம் ஹாமும் வேணாம்னு மூணையும் தனித்தனியா சொல்லணும்.

சாயங்காலம் கதீட்ரல் போனோம். அங்க ஒரு சைடு சேப்பல்ல மார்ட்டின் வாஸ்கெஸ் தெ ஆர்சேன்னு ஒரு வீரனோட கல்லறை, 1486ல முஸ்லிம் ஆட்சியில இருந்த கிரனாடாவைப் பிடிக்கற சண்டையில செத்தவன், இருபத்தஞ்சு வயசுன்னு கல்வெட்டு சொல்லுது. வழக்கமா கல்லறைச் சிற்பம்னா கையைக் கூப்பி மல்லாந்து படுத்திருக்கும், இவன் ஒரு முழங்கையை ஊனி ஒருக்களிச்சு, கால் மேல கால் போட்டுகிட்டு புஸ்தகம் படிக்கறான். வெள்ளை அலபாஸ்டர் கல்லு, நெஞ்சுல மட்டும் சிவப்பு சிலுவை. பக்கத்தை ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சிருக்கான், பக்கத்தோட மெல்லிசு வரைக்கும் கல்லுல வந்திருக்கு. அம்மா கம்பி பக்கத்துல நின்னு ரொம்ப நேரம் பாத்தாங்க, "பெத்தவங்க என்ன பாடு பட்டிருப்பாங்க, அவன் படிக்கற மாதிரியே செஞ்சு வச்சிருக்காங்க பாரு"ன்னாங்க. அவன் செத்த ஊர்ப் பக்கம்தான் நாங்களும் போறோம், சனிக்கிழமை கிரனாடா.

கோட்டைக்கு இன்னொரு கதையும் உண்டு. பிளாங்கா தெ போர்போன்னு பிரெஞ்சு இளவரசி, 1353ல காஸ்டீல் ராஜா முதலாம் பெட்ரோவுக்குக் கட்டி வச்சாங்க. கல்யாணமாகி ஒருசில நாள்லயே அவளை விட்டுட்டு காதலி மரியா தெ பாடியாகிட்ட போயிட்டான். அப்புறம் இங்கயும் அங்கயும் சிறை வச்சான், அதுல இந்தக் கோட்டையும் ஒண்ணு. 1361ல செத்துப்போனா. பெட்ரோவோட அரண்மனைக்கு ஞாயித்துக்கிழமை போறோம், அதனால இதை மறக்காம வச்சுக்கங்க.

புதன், குவென்கா

இன்னிக்கு சின்ன போஸ்ட்தான், நாள் பூரா வண்டிதான் ஓட்டினேன். குவென்கா பாரடோர் 1523ல ஆரம்பிச்ச சான் பாப்லோ மடம், டொமினிக்கன் சாமியார்களோடது. எதிர்ப் பாறை விளிம்புல தொங்கற வீடுங்க, நடுவுல ஊவேகர் ஆத்துப் பள்ளத்தாக்கு, ரெண்டுக்கும் குறுக்க இரும்பு நடைபாலம். கிட்டத்தட்ட பாலத்து மூலையிலயே நம்ம ஹோட்டல் வாசல். அம்மா பாலத்துல கீழ பாக்காம நடந்து போய் எதிர்ப்பக்கம் அப்ஸ்ட்ராக்ட் ஆர்ட் மியூசியம் பாத்துட்டு வந்தோம், 1966லேர்ந்து அந்தத் தொங்கற வீட்டுக்குள்ளதான் இருக்கு.

விலை இங்கயும் வயசு ஆஃபர்லதான். ரூம் எடுக்கும்போது பள்ளத்தாக்கு பாத்த ரூம் வேணும்னு முன்னாடியே மெயில் அனுப்பி வச்சேன், கூடுதல் காசு கேக்கல. கேட்டா குடுப்பாங்கன்னு உத்தரவாதம் இல்ல, ஆனா நவம்பர் புதன்கிழமை ஹோட்டல் பாதி காலி, மரியாதையா ரெண்டு வரி எழுதிக் கேக்கறதுல நஷ்டமே இல்ல.

கார்டு விஷயம் ஒண்ணு சொல்லிடறேன். நம்மூர் கார்டு நிறையதுக்கு வெளிநாட்டுல தேச்சா 3.5 சதவீதம் மார்க்கப், அதுக்கு மேல ஜிஎஸ்டி. ஆஃபர்ல மிச்சம் பிடிச்சதுல ஒரு பங்கு அப்படியே இதுல போயிடும், அதனால மார்க்கப் கம்மியா இருக்கற கார்டு ஒண்ணு தனியா வச்சுக்கங்க. மெஷின்ல யூரோவா ரூபாயான்னு கேட்டா யோசிக்காம யூரோவை அழுத்துங்க, ரூபாயை அழுத்தினா அவங்க போடற ரேட்டுதான்.

வியாழன், அல்மாக்ரோ

லா மாஞ்சா சமவெளி, பாத்த இடமெல்லாம் திராட்சைத் தோட்டம், இலையெல்லாம் காஞ்சு செம்மண்ணு கலர்ல கெடக்கு. அல்மாக்ரோ பாரடோர் 1596ல கட்டின பிரான்சிஸ்கன் மடம். வெளியில பாத்தா ஒரு வெள்ளைச் சுவர், அவ்வளவுதான். உள்ள போனா ஒரு முற்றத்துலேர்ந்து இன்னொரு முற்றம், அதுலேர்ந்து இன்னொண்ணு, ரூமுக்குப் போற வழியில வழி தவறி சுத்தறதே சந்தோஷமா இருக்கு. கிணத்தடி, மரத்தூண், பச்சைப் பசேல்னு கொடி. நான் இதுவரைக்கும் தங்கின பாரடோர்லயே விலைக்கு அதிகமா கிடைச்ச இடம்னா இதைத்தான் சொல்வேன், ஆனா லிஸ்ட் போடறவங்க யாரும் இந்த ஊரைச் சேக்கறதில்ல, எல்லாரும் கிரனாடா கிரனாடான்னே ஓடறாங்க.

ஊரோட பிளாசாவுல, அதாவது நடுச் சதுக்கத்துல, ரெண்டு பக்கமும் பச்சைக் கலர் ஜன்னல் வரிசையா மூடின பால்கனி மாதிரி ஓடுது. அதுக்கு நடுவுல ஒரு சின்னக் கதவு வழியா போனா 1628ல கட்டின கொர்ரால் தெ கொமேதியாஸ், திறந்தவெளி நாடகக் கொட்டகை, மரத்துல மாடி மாடியா. இன்னும் நாடகம் போடறாங்க, ஜூலைல பெரிய நாடக விழா. விழா நேரத்துல இந்த ஊர் பக்கம் மிச்சம் பிடிக்கற எண்ணத்தோட வராதீங்க, ரூமே கிடைக்காது.

அல்மாக்ரோவுக்குன்னே ஒரு ஊறுகாய் உண்டு, சின்னச் சின்னப் பிஞ்சுக் கத்திரிக்காயை வேகவச்சு வினிகர், பூண்டு, சீரகம், மிளகாத்தூள் போட்டு ஊற வைக்கறது. காம்போட வரும், சிலதுல நடுவுல சிவப்பு குடமிளகாய்த் துண்டைச் செருகி பெருஞ்சீரகத் தண்டு குச்சியால குத்தி வச்சிருப்பாங்க. அம்மா ஒண்ணைக் கடிச்சுட்டு கண்ணை மூடி "எண்ணெய்தான் பத்தல, மத்தபடி சரியா இருக்கு"ன்னு தீர்ப்பு சொன்னாங்க. வெல்கம் டிரிங்க்கோட குட்டித் தட்டுல இதையும் கொண்டாந்து வச்சாங்க, அம்மா ரெண்டாவது தட்டும் கேட்டு வாங்கினாங்க. ராத்திரிக்கு பிஸ்டோன்னு ஒண்ணு, தக்காளி குடமிளகாய் சுரைக்காய் மாதிரி ஒரு காய் எல்லாம் சேத்து வதக்கினது, மேல முட்டை போடாதீங்கன்னு சொல்லிட்டா சைவம்.

இன்னொரு விஷயம், பாரடோர்னாலே பழைய கட்டடம்னு நம்பி புக் பண்ணாதீங்க. டொலேடோ, செகோவியா, கோர்தோபா மூணும் ஊருக்கு வெளிய இருக்கற புதுக் கட்டடம். டொலேடோல பால்கனிலேர்ந்து ஊர் முழுக்க தெரியும், அந்தக் காட்சிக்காகவே போலாம், அது வேற விஷயம். சரித்திரக் கட்டடத்துல தூங்கணும்னு காசு சேத்து வச்சுட்டுப் போறவங்க சைட்ல அந்தந்த பாரடோரோட வரலாறு பக்கத்தை ஒரு தடவை படிச்சுட்டு புக் பண்ணுங்க. குளிர்காலத்துல சில பாரடோர் சில வாரம் மூடியும் இருக்கும், அதையும் பாத்துக்கங்க.

வெள்ளி, உபேதா

மலையைத் தாண்டி ஹயேன் மாகாணத்துக்குள்ள இறங்கினதும் ஆலிவ் மரம் ஆரம்பிச்சுது, அப்புறம் முடியவே இல்ல. இந்த ஒரு மாகாணத்துல மட்டும் 6 கோடிக்கு மேல ஆலிவ் மரம் இருக்கு. குன்னு மேல குன்னா வரிசை வரிசையா நட்டிருக்காங்க. இப்ப அறுவடை நேரம். ரோட்டோரம் வண்டிய நிறுத்திப் பாத்தோம், மரத்தடியில பெரிய கருப்பு வலையை விரிச்சு, ஒரு ஆளு மெஷின் கையால கிளையைப் பிடிச்சு உலுக்கறாரு, மழை மாதிரி சடசடன்னு கொட்டுது, இன்னொருத்தர் நீளக் கம்பால மிச்சத்தைத் தட்டறாரு. அம்மாகிட்ட ஒரு கைப்பிடி காய் நீட்டினாரு, பச்சையா வாயில வைக்க முடியாது அவ்வளவு கசப்பு, ஆனா அம்மா துப்பாம மரியாதையா முழுங்கிட்டாங்க.

உபேதாவுல வாஸ்கெஸ் தெ மோலினா சதுக்கம், இது ஸ்பெயின்லயே மறுமலர்ச்சிக் காலத்துக்கு இதுக்கு மேல ஒண்ணு இல்லன்னு நான் அடிச்சுச் சொல்வேன். ஒரு பக்கம் எல் சல்வடோர் சேப்பல், அதை ஒட்டி நம்ம பாரடோர், சேப்பலோட முதல் பெரிய பாதிரியாரா இருந்த டீன் ஓர்தேகாவுக்காக 16ம் நூற்றாண்டுல கட்டின வீடு. 1930லயே பாரடோர் ஆயிடுச்சு, இந்த செயின்ல ரொம்ப மூத்தது. 2003ல உபேதாவும் பக்கத்து ஊர் பயேசாவும் சேந்து யுனெஸ்கோ லிஸ்ட்ல வந்துச்சு.

இங்கதான் அமிகோஸ் பாயிண்ட்டை எடுத்தேன். காரணம் கிழமை. இந்த மாதிரி சின்னப் பாரம்பரிய ஊர்ல வெள்ளி சனிக்கிழமை மேட்ரிட், செவில் ஆளுங்க குடும்பத்தோட வந்துடுவாங்க, அப்போ செவ்வாய்க்கிழமை விலை எங்கயோ ஏறி நிக்கும், வயசு ஆஃபரும் எங்களுக்கு இந்தத் தேதிக்கு வரல. ஞாயிறுலேர்ந்து வியாழன் வரைக்கும் காசு, வெள்ளி சனிக்கு பாயிண்ட், இந்த ஒரு பழக்கம் போதும் பாதி வேலை முடிஞ்சுது. ஆனா பாயிண்ட்ல ரூம் வேணும்னா சீக்கிரமே பாத்து வச்சுக்கணும், நான் வெயில் காலத்துலயே போட்டுட்டேன்.

ரூம் மாடியில, நடு முற்றத்தைச் சுத்தி ஒல்லியான கல்தூண் வச்ச தாழ்வாரம், அதுல கண்ணாடி அடைப்பு. ஜன்னலைத் தொறந்தா சேப்பலோட சுவர் கிட்டத்தட்ட கைக்கு எட்டற தூரத்துல. ராத்திரி பத்து மணிக்கு மேல டூர் பஸ் எல்லாம் கிளம்பினதும் சதுக்கத்துல நாங்க ரெண்டு பேரும் ஒரு நாயும்தான். பகல்ல வந்துட்டுப் போறவங்களுக்குக் கிடைக்காதது இதுதான், இதுக்காகத்தான் நான் இவ்வளவு கணக்குப் போடறேன், இந்த ரெண்டு மணி நேரத்துக்காகத்தான்.

சனி, கிரனாடா

கிரனாடா பாரடோர் அல்ஹம்ப்ரா கோட்டையோட மதில் சுவருக்குள்ளயே இருக்கு. முன்னாடி கிரனாடாவை ஆண்ட நஸ்ரித் சுல்தான்களோட அரண்மனை ஒண்ணு அங்க இருந்துச்சு, கிரனாடாவைப் பிடிச்சதும் ராணி இசபெல்லாவும் ராஜா ஃபெர்டினாண்டும் அதுல பிரான்சிஸ்கன் மடம் வச்சாங்க. 1504ல இசபெல்லா செத்தப்போ முதல்ல புதைச்சதும் இங்கதான், 1521ல ஊருக்குள்ள ராயல் சேப்பலுக்கு மாத்தினாங்க. நாப்பது ரூம்தான், உலகமே வந்து நிக்கற இடம், நவம்பர்லயும் விலை இறங்கறதில்ல. நான் பாத்தப்போ நாங்க இதுவரைக்கும் தங்கின ஊருங்களோட விலையைப் போல மூணு மடங்குக்கு மேல. தங்கறவங்களுக்கு அல்ஹம்ப்ரா டிக்கெட்டும் சேந்து வராது, அது தனியா வாங்கணும்.

அதனால ராத்திரி அங்க படுக்கல. ஊருக்குள்ள கிரான் வியாவுல பலாசியோ தெ சாண்டா பவுலான்னு ஒரு ஹோட்டல், மேரியட் ஹோட்டல்காரங்களோட மெம்பர்ஷிப்பான பான்வாய்ல வருது, கன்னியாஸ்திரீங்க இருந்த 16ம் நூற்றாண்டு மடம், நடுவுல சுத்தித் தாழ்வாரம் வச்ச க்ளாய்ஸ்டர் முற்றம் அப்படியே இருக்கு. இதுல நம்மாளுங்களுக்கு ஒரு வழி உண்டு. எச்டிஎஃப்சி வங்கியோட மேரியட் பான்வாய் கார்டு, 2023ல வந்துச்சு, வருஷக் கட்டணம் 3,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், அதுக்கு 15,000 பாயிண்ட் வரைக்கும் மதிப்புள்ள ஒரு ராத்திரி இலவசம். 15,000 பாயிண்ட்ல ஸ்பெயின்ல பழைய மடம் எங்க கிடைக்கும்னு விட்டுடாதீங்க, அதுக்கு மேல நம்ம கணக்குலேர்ந்து இன்னும் கொஞ்சம் பாயிண்ட் போட்டு ஏத்திக்கலாம். நான் போட்ட அன்னிக்கு இந்த ரூம் 29,000 பாயிண்ட் காட்டுச்சு, இலவச ராத்திரியோட 14,000 சேத்துப் போட்டேன், வேலை முடிஞ்சுது, வரி கூட தனியா கேக்கல. அதே ரூம் காசுல 210 யூரோ.

இதுல ஒரு கணக்கு எப்பவும் போட்டுப் பாருங்க. காசு விலையை பாயிண்ட்டால வகுத்து, பத்தாயிரம் பாயிண்ட்டுக்கு எவ்வளவு யூரோ மிச்சம் ஆகுதுன்னு. அறுபதுக்கு மேல வந்தா நான் பாயிண்ட் குடுப்பேன், கீழ போனா காசு. இங்க எழுபதுக்கு மேல வந்துச்சு. 2022லேர்ந்து மேரியட்ல இந்த ஹோட்டலுக்கு இவ்வளவு பாயிண்ட்னு நிலையான அட்டவணை கிடையாது, தேதிக்குத் தேதி மாறும், அதனால ஒரு நாள் முன்ன பின்ன தள்ளிப் பாத்தாலே பாயிண்ட் இறங்கும். கேன்சல் பண்ற வசதியும் இருக்கறதால முதல்ல போட்டு வச்சுட்டு அப்பப்போ பாத்துகிட்டே இருங்க. ஒரே இடத்துல அஞ்சு ராத்திரி பாயிண்ட்ல தங்கினா ஒரு ராத்திரி இலவசம். ரெண்டு வருஷம் கணக்குல எந்த அசைவும் இல்லன்னா மொத்த பாயிண்ட்டும் போயிடும், அதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

பாரடோரை விட்டுடல. அல்ஹம்ப்ரா கோட்டைக்குள்ள நீதி வாசல் வழியா உள்ள போறதுக்கு டிக்கெட் வேணாம், ராஜா ஐந்தாம் சார்லஸோட அரண்மனை, அதைத் தாண்டி தெரு, அது முடியற இடத்துல பாரடோர், எல்லாம் காசில்லாம நடந்து போற வழிதான். தோட்டத்துப் பக்கம் டெரஸ்ல உக்காந்து காபி சொன்னோம், எதிர்ல ஹெனரலிஃபே தோட்டம் வெயில்ல. அப்புறம் உள்முற்றத்துல இசபெல்லாவை முதல்ல புதைச்ச இடம், தரையில ஒரு கல்லு, மேல தேன்கூடு மாதிரி செதுக்கின சுல்தான் காலத்துக் கூரை. ஒரு காபி விலையில இவ்வளவு நேரம் உக்கார விடறாங்க, எழுப்பறதுக்கு யாரும் வரல. சிகுவென்சாவுல புஸ்தகம் படிச்சவன் இந்த ராணியோட சண்டைக்காகத்தான் செத்தான்னு அம்மாதான் ஞாபகப்படுத்தினாங்க, எனக்கு முன்னாடியே அவங்களுக்குத் தோணியிருக்கு.

நாளைக்குக் காலையில நஸ்ரித் அரண்மனைக்கு டிக்கெட். பேரு, பாஸ்போர்ட் நம்பர், நேரம் எல்லாம் அதுல இருக்கும், குறிச்ச நேரத்துக்கு நிக்கணும். ஹோட்டல் போடறதுக்கு முன்னாடி இந்த டிக்கெட்டைப் போடுங்க. இது கிடைக்கற தேதியைச் சுத்தித்தான் மத்த எல்லாத்தையும் அமைக்கணும்.

ஞாயிறு, கார்மோனா

காலையில அல்ஹம்ப்ரா. அதைப் பத்தி எழுத நெறைய பேர் இருக்காங்க, நான் விடறேன். மத்தியானம் கிளம்பி மேற்கா ஓட்டி சாயங்காலம் கார்மோனா.

ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் வாரத்துலயே விலை இறங்கற ராத்திரி, வார இறுதிக்கு வந்தவங்க மத்தியானமே கிளம்பிடுவாங்க. செவில் ஊருக்குள்ள ஒரு சாதாரண ரூமுக்கு குடுக்கறதைவிடக் கம்மியா, அங்கேர்ந்து அரை மணி நேரத் தூரத்துல, முதலாம் பெட்ரோவோட அரண்மனை மேல படுக்கறோம். செவில்ல அல்காசர்ங்கற ராஜ கோட்டைக்குள்ள 1364ல அரண்மனை கட்டின அதே பெட்ரோ. 1504 பூகம்பத்துல இது நொறுங்கிடுச்சு, இப்பவும் பாரடோர் பக்கத்துல உடைஞ்ச கோபுரம் நிக்குது. அதுக்கு நடுவுல 1976ல இந்த பாரடோர் தொறந்தாங்க. முற்றத்துல நீரூற்று, ஓடு பதிச்ச சுவர், சாப்பாட்டு ஹால் மடத்து ஹால் மாதிரி உயரக் கூரை. டெரஸுக்குப் போனா மலை விளிம்பு, கீழ சமவெளி முழுக்க உழுத வயல், அடிவானம் வரைக்கும் ஒரு கட்டடம் இல்ல.

அம்மா டெரஸ்ல நின்னு, "கட்டின பொண்டாட்டியை சிகுவென்சாவுல பூட்டி வச்சுட்டு இவன் இங்க இந்தக் காத்து வாங்கிட்டு இருந்தானா"ன்னு கோவமா கேட்டாங்க. வெல்கம் டிரிங்க்கை கூட கொஞ்ச நேரம் தொடல. ரெண்டு கோட்டைலயும் ராத்திரி தங்கினதாலதான் அந்தக் கோவம் வந்துச்சு. ஒரே ஊர்ல அஞ்சு நாள் உக்காந்திருந்தா பெட்ரோ எங்களுக்கு ஒரு போர்டுல படிச்ச பேரு மட்டும்தான்.

திங்கள், செவில்

காரைத் திருப்பிக் குடுத்தாச்சு. எடுத்த ஊர்ல விடாம வேற ஊர்ல விட்டா தனிக் கட்டணம் போடுவாங்க, ஆனா மேட்ரிட் வரைக்கும் திரும்பி ஓட்டற பெட்ரோல், ஒரு நாள் ரூம் எல்லாம் கணக்குப் பண்ணா எங்களுக்கு இதுதான் லாபம். சாயங்காலம் ஹைஸ்பீடு ட்ரெயின், 1992ல ஸ்பெயின் போட்ட முதல் ஏவே லைன், ரெண்டரை மணி நேரத்துல மேட்ரிட்.

நடுவுல கிடைச்ச நேரத்துல அல்ஃபோன்ஸோ 13 ஹோட்டலுக்குப் போனோம். 1929ல செவில்ல நடந்த பெரிய கண்காட்சிக்கு வர்ற விருந்தாளிங்களுக்காகவே கட்டினது, இதுவும் மேரியட்லதான் வருது. பாயிண்ட்ல ஒரு ராத்திரி பாத்தேன், பத்தாயிரத்துக்கு ஐம்பது யூரோ கூட தேறல, அதனால விட்டுட்டேன். நடு முற்றத்துல உக்காந்து காபி குடிச்சோம், சுத்தி வளைவு வளைவா தாழ்வாரம், நீல ஓடு, நடுவுல நீரூற்று சத்தம். ரூம் எடுக்காம வர்றவங்களையும் நல்லாத்தான் கவனிக்கறாங்க.

இந்தப் பயணத்துல காசு குடுத்துத் தங்கின ராத்திரியோட பாயிண்ட் அமிகோஸ் கணக்குல ஏற ஆரம்பிச்சிருக்கு. அம்மா பேர்ல போட்ட ரூம் இருக்கறதால அம்மாவையும் தனியா மெம்பர் ஆக்கிட்டேன். ட்ரெயின்ல உக்காந்து அடுத்தது எங்கன்னு பாத்துட்டு இருக்கோம். ஐந்தாம் சார்லஸ் பதவியெல்லாம் விட்டுட்டு யூஸ்தே மடத்துப் பக்கம் வீடு கட்டிட்டு இருந்தப்போ, அது முடியற வரைக்கும் 1556லேர்ந்து 57 வரை சில மாசம் ஹராண்டியா கோட்டையில தங்கியிருந்தாரு, அது இப்ப பாரடோர். அடுத்த வருஷம் நவம்பர், செவ்வாய்க்கிழமை, வயசு ஆஃபர். தேதி தொறந்ததும் போட்டுடணும்னு அம்மா இப்பவே சொல்லியாச்சு.